கடைசி வரிசைப் பிள்ளைகள்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கழகத்தின் துணையால் பட்டம் பெற்றோர் எத்தனை பேர், அரசுப் பணியில் அமர்ந்தோர் எத்தனை பேர் என்பதைச் செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையில் எடுத்துரைத்தார்கள். கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது. நமக்கு இன்று தரப்பட்டுள்ள பொருள் அப்பட்டியலில் இடம்பெறாத பிள்ளைகளைப் பற்றியது. வகுப்பிலே கடைசி வரிசையில் அமர்ந்து, கரும்பலகையைப் பார்த்தபடி இருந்து, மணி அடித்ததும் எழுந்து வீடு திரும்பும் பிள்ளைகள் அவர்கள். கற்பதற்குக் கூடுதல் துணை வேண்டும் நிலையிலுள்ள அம்மாணாக்கர் வகுப்பில் ஈடுபட்டுக் கற்க நாம் செய்யக்கூடுவது யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கென ஒரு சொல் வழங்கி வருகிறது. "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்பார்கள். ஆசிரியர் சொல்வார், அண்டை வீட்டார் சொல்வர், நாளடைவில் பெற்ற தாயே சொல்லத் தொடங்குவாள். இச்சொல் நம் மக்களுக்குப் புதியதன்று. ஒரு பிள்ளையைக் குறித்தல்லாமல், நம் குலம் முழுவதையும் குறித்து நூற்றாண்டுக் கணக்கில் சொல்லப்பட்ட சொல் அது. அண்ணல் அம்பேத்கர் சத்தாராவில் பள்ளி மாணவராயிருந்தபோது, பிற மாணாக்கர் நடுவே அமர இயலாது, ஒரு மூலையில் தனியே அமர்ந்தார். அமர்வதற்கான சாக்குத் துணியைக்கூட நாள்தோறும் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாலையில் திரும்ப எடுத்துச் செல்லவேண்டும். பள்ளியைக் கூட்டிய பணியாள் அதனைத் தொடமாட்டார். இதனை அவரே எழுதி வைத்திருக்கிறார். அச்சிறுவனின் அறிவு எத்தகையது என எவரும் அளந்து பாராமலே, அவன் அமரும் இடம் முடிவாகிவிட்டது.

பிறப்பைக் காட்டிச் சொல்லப்பட்ட அத்தீர்ப்பை எதிர்த்து நாம் வழக்காடியிருக்கிறோம். பெருமளவு வென்றும் இருக்கிறோம். அதே தீர்ப்பு இன்று நம் தெருவிலேயே ஒரு தனிப் பிள்ளையின்மீது கூறப்படும்போது, அதனை ஆராயாமல் ஏற்றுக்கொள்ளலாமா என்பதே நம் வினா. ஆராயப் புகுந்தால், "படிப்பு ஏறாது" என்னும் ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல காரணங்கள் ஒளிந்திருப்பதைக் காணலாம்.

சில பிள்ளைகளுக்குக் கரும்பலகையிலுள்ள எழுத்துத் தெரிவதில்லை. பிறந்தது முதல் உலகம் மங்கலாகவே தெரிவதால், மற்றவர்க்கும் அப்படித்தான் தெரியும் என்று அப்பிள்ளை எண்ணிக்கொள்கிறது. ஒரு கண்ணாடியால் தீரும் குறை அது. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நம்மில் அறியாதார் இலர். முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவை செய்தவர் அவர். இந்தக் கரிசல் மண்ணின் மைந்தர். இவ்வளவு அருகில் இத்தகைய வாய்ப்பு இருக்க, கண் பரிசோதனை செய்யாமல் ஒரு பிள்ளையை மக்கு என்பது எவ்வகையிலும் தகாது.

வேறு சில பிள்ளைகளுக்குக் காது மந்தம். காதில் சீழ் வடிவதைச் சளியோடு சேர்ந்த ஒன்றாக எண்ணி நம் வீடுகளில் பொருட்படுத்துவதில்லை. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசும்போது, அப்பிள்ளைக்குப் பாதிச் சொல்தான் செவியில் விழுகிறது. பின்னால் நின்று தணிந்த குரலில் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். திரும்பவில்லையெனில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை.

இன்னும் சிலர், வராத நாள்களால் பின்தங்கியவர். சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் போகும்போது பிள்ளைகளும் உடன் போகின்றனர். கழித்தல் கணக்கு நடந்த மாதத்தில் பள்ளியில் இல்லாதவனுக்கு வகுத்தல் எங்ஙனம் விளங்கும்? அவனிடம் குறையேதும் இல்லை. விட்டுப்போன பாடத்தை மீண்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். பசியும் ஒரு காரணமாக இருந்தது. 1956இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த மதிய உணவும், 2022இல் மதுரையில் தொடங்கப்பெற்ற காலை உணவும் அக்காரணத்தைப் பெரிதும் குறைத்தன.

இவை யாவும் இன்றியும் படிக்க இயலாத பிள்ளைகள் உண்டு. ஈண்டுச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

1896ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கூர்மையான அறிவு, நல்ல கண்பார்வை, கணக்கில் தேர்ச்சி. ஆயினும் எளிய சொற்களைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. எல்லாப் பாடங்களையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே சிறந்த மாணவன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் அவர் குறித்துள்ளார். இன்று டிஸ்லெக்சியா என வழங்கும் இந்நிலை, எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு ஏற்படும் இடர்ப்பாடு. சோம்பலாலோ வளர்ப்பினாலோ வருவதன்று. செல்வர் வீட்டிலும் வரும், கூலி வீட்டிலும் வரும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி கிடைக்கும்; நம் பிள்ளைக்கு மாடு மேய்க்கும் கோல் கிடைக்கும். வேறுபாடு அவ்வளவே.

தமிழ் எழுத்தில் இவ்விடர்ப்பாடு எங்ஙனம் தோன்றும் என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 247 எழுத்துகளைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. உயிரும் மெய்யும் கூடும் முறை பிடிபட்டால் மிகுதி தானே வரும். அம்முறை பிடிபடாத பிள்ளைக்கோ ஒவ்வொன்றும் தனிப்படம். "கெ" என்பதில் முதலில் ஒலிப்பது ககரம். முதலில் எழுதுவதோ கொம்பு. "கொ" என்பதில் ஒரே உயிரின் குறி இருபக்கமும் பிரிந்து நிற்கிறது. காது கேட்கும் வரிசை ஒன்று, கண் காணும் வரிசை மற்றொன்று. இதனோடு ன, ண, ந வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் சேர்கின்றன. வீட்டில் "வாராக" என்று பேசும் பிள்ளை, நூலில் "வருகிறார்கள்" என்பதைக் கண்டு அது தன் மொழிதான் என உணர்வதற்கே நாளாகிறது.

திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து நம் மாலை வகுப்பிற்கு ஏழாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் வந்தான். தமிழ்ப் பாடத்தைத் தடையின்றிப் படித்தான். நடத்திக்கொண்டிருந்த இளைஞர் ஏதோ ஐயுற்று, அவன் படித்துக்கொண்டிருக்கையிலேயே நூலை மூடினார். அவன் படிப்பு நிற்கவில்லை! அடுத்திருப்பவர் படிப்பதைக் காதால் கேட்டுக் கேட்டு முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்திருந்தான். ஏழு ஆண்டுகள் ஒரு பள்ளியையே தன் நினைவாற்றலால் சமாளித்த சிறுவனை மந்தபுத்தி என்று எப்படிச் சொல்வது? அவன் வீட்டில் நாற்பது ஆடுகள். மாலையில் பட்டிக்குள் நுழையும்போது ஒன்று குறைந்தால், எந்த ஆடு வரவில்லை என்று உடனே சொல்லிவிடுவான். தாளில் நாற்பதிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொன்னால் பென்சிலைக் கடிப்பான்.

அவனுக்குச் செய்தவை பெரிய வித்தைகள் அல்ல. பாடத்தை ஒருவர் படித்துக் காட்ட, வினாக்களுக்கு அவன் வாயால் விடை சொன்னான். இதனால் வரலாறும் அறிவியலும் அவனுக்கு எட்டாமற் போகவில்லை. எழுத்துப் பயிற்சியைத் தனியே, நாளொன்றுக்குக் கால் மணி நேரம், குண்டாற்று மணலைத் தட்டில் பரப்பி நடத்தினோம். ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத்தை இழுக்க வேண்டும். கண், காது, வாய், விரல் நான்கும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தைக் கற்கும்.

மணலில் எழுதுவது நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியின் பழைய முறை என்பதை அறிவீர்கள். அது கடல் கடந்த கதை சுவையானது. 1789இல் சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்டுரு பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றார். உதவி ஆசிரியர் ஒத்துழைக்காததால், எட்டு வயது மாணாக்கன் ஒருவனையே சிறுவர்க்குக் கற்பிக்க வைத்தார், வெற்றி கண்டார். மாணாக்கரே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் அம்முறை குறித்து 1797இல் இலண்டனில் அவர் நூல் வெளியிட்டார். "சென்னை முறை" என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அத்திண்ணையில், அதே ஊரிலிருந்த நம் முன்னோர்க்கு ஏற இடமில்லை. திண்ணை போனது, மணல் இருக்கிறது. அதனை நம் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துக் கொடுப்போம்.

ஒரு நண்பனை அருகில் அமர்த்துவதும் அவ்வகையிலேயே பயன்தரும். அதில் ஒரு கவனம் தேவை. விடையை எழுதிக் கொடுக்கும் நண்பன் உதவியவன் ஆகமாட்டான். ஆசிரியர் சொன்னதைத் திரும்பச் சொல்லுதல், எந்தப் பக்கம் என விரல் வைத்துக் காட்டுதல், விடை வரும்வரை பொறுத்திருத்தல் ஆகியவை போதும். பொறுத்தல் என்பது ஆசிரியர்க்கும் பொருந்தும். வினாவைக் கேட்டு ஒரு நொடியில் அடுத்தவனைக் கைகாட்டினால், மெதுவாக எண்ணும் பிள்ளைக்கு வாயைத் திறக்கும் வாய்ப்பே வராது. நாளை உன்னை இந்த வினாதான் கேட்பேன் என்று முதல்நாளே சொல்லிவைத்த ஆசிரியர் ஒருவரை நாம் அறிவோம். வகுப்பின்முன் அவமானப்படாமல் எழுந்து விடைசொன்ன அப்பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முன்வரிசையில் அமர்த்துங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள், பத்துக் கணக்குக்கு மாற்றாக மூன்று கொடுங்கள். எண்ணைக் கையில் கொடுங்கள். புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் இல்லாத வீடு நம் பக்கம் உண்டா? பருத்திமார்க் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்தால் இடமதிப்பு விளங்கும்; கடன்வாங்கிக் கழித்தல் என்றால் ஒரு கட்டை அவிழ்ப்பது. நம் ஆட்டுக்காரச் சிறுவனுக்கு அவ்வாறுதான் விளங்கியது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அறிவு வளர்ச்சியே குன்றிய பிள்ளைகளும் உள்ளனர். அவர்கள் எல்லாரும் நூல் படிப்பர் என உறுதிகூறுதல் பொய்யாகும். அவர்க்கும் வகுப்பில் இடம் உண்டு. இலக்கு மட்டும் வேறு. பேருந்தின் பெயர்ப்பலகையை அடையாளங் காணுதல், நூறு ரூபாய்க்கு மீதிச் சில்லறை பார்த்தல், தன் பெயரை எழுதுதல், உடலைத் தூய்மையாக வைத்தல், பிறர் தீங்கு செய்ய முயன்றால் மறுத்துக் கூறுதல் ஆகியவற்றைக் கற்ற பிள்ளை பிறர் கையை எதிர்பாராமல் நடமாடும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். ஆண்பிள்ளைக்குப் பாடம் விளங்காவிட்டால் குறும்பு செய்வான். அதனாலேனும் கண்ணில் படுவான். பெண்பிள்ளை அமைதியாக அமர்ந்திருப்பாள். அமைதியான பிள்ளை, நல்ல பிள்ளை என்று எட்டாம் வகுப்பு வரை போய்விடும். ஒன்பதாம் வகுப்பில் தேர்வு இடறும்போது, "படிக்காதவளை எதற்கு அனுப்புவது" என்று நூற்பாலைக்கோ கல்யாணத்திற்கோ முடிவாகிவிடும். இளைஞர் நண்பர்களே, உங்கள் தெருவில் பேசாத பெண்பிள்ளை யார் என முதலில் பாருங்கள்.

இனிச் சட்டம் குறித்துச் சில கூறுவோம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. கற்றல் இடர்ப்பாடு அதில் இல்லை. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்பது அவற்றுள் ஒன்று. அதனைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து ஏற்ற முறையில் கற்பிப்பது பள்ளியின் கடமை என்றே சட்டம் சொல்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உண்டென மருத்துவக் குழு சான்றளித்தால், 18 வயது வரை கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமை உண்டு. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் அரசுப் பணிகளில் 4 விழுக்காடும் ஒதுக்கீடு உண்டு. சான்று பெற்ற மாணாக்கர்க்கு நம் மாநிலப் பொதுத்தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உள்ளன. தலைமையாசிரியர் வழியாக உரிய காலத்தில் விண்ணப்பிக்கவேண்டும். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் உள்ளனர். பள்ளிக்கு வர இயலாத பிள்ளையின் வீட்டிற்கே சென்று பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு.

சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகப் படிகளில் எத்தனை முறை ஏறியிறங்கினோம் என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். இச்சான்றிதழுக்கும் அவ்வளவு கால்கள் வேண்டும். தாய்மார் தயங்குகிறார்கள். "பைத்தியம் என்று முத்திரை குத்திவிட்டால் இவன் அக்காளை யார் கட்டுவார்கள்?" என்று ஒரு தாய் நம்மிடம் கேட்டார். அத்தாயின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் கூடாது. முத்திரை குத்தப்பட்டே வாழ்ந்த மக்கள் இன்னொரு முத்திரைக்கு அஞ்சுவது இயல்பு. நாம் அவரிடம் சொன்னது இதுதான்: "அம்மா, ஊர் ஏற்கெனவே மக்கு என்று சொல்லிவிட்டது. அதற்குச் சான்றிதழும் இல்லை, சலுகையும் இல்லை. மருத்துவர் தரும் தாளில் தேர்வு எழுத ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும்." மறுவாரம் அவரே மகனை அழைத்துக்கொண்டு வந்தார்.

ஆசிரியர்களோடு பேசும் முறையும் முக்கியம். ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும் பள்ளிகள் நம் பக்கத்தில் மிகுதி. பதிவேடுகளுக்கிடையில் அவர்கள் படும் பாட்டை அறியாமல் சண்டைக்கு நின்றால், இழப்பு பிள்ளைக்குத்தான். பாடத்தில் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினால் பெரும்பாலான ஆசிரியர்கள் மனமுவந்து கேட்பர். ஆனால் கடைசி வரிசையில் இருப்பவர் அனைவரும் நம் தெருப் பிள்ளைகளாகவே இருந்தால், அது கற்றல் குறைபாட்டின் விளைவன்று, சாதியின் விளைவு. அங்கே குறிப்பேடு போதாது. தலைமையாசிரியரிடமும் அதற்கு மேலும் எழுத்து மூலம் முறையிடுதல் வேண்டும். இரண்டையும் பிரித்தறியும் தெளிவு நம் இளைஞர்க்கு வேண்டும். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் இரண்டுமே தீராது.

பார்வையற்றோர்க்குக் கல்வி வராது என்று நம்பிய நாளிலேயே, 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் அவர்களுக்குப் பள்ளி தொடங்கினார். 1897இல் அதே ஊரில் சுவெயின்சன் அம்மையார் காது கேளாதோர்க்குப் பள்ளி கண்டார். நம்மவர்க்குக் கல்வி வராது என்ற நாளில், 1894இல் சென்னை அடையாற்றில் கர்னல் ஆல்காட் இலவசப் பள்ளி திறந்தார். யாருக்குப் படிப்பு வராது என்று ஊர் சொன்னதோ, அவர்களை அழைத்து உட்காரவைத்துப் பார்த்தவர்கள் இவர்கள்.

இனி நம் மாலை வகுப்பு. வாரத்தில் மூன்று நாள், ஒரு பிள்ளைக்கு ஒரு இளைஞர் என்ற கணக்கில், ஓராண்டுக்குப் பொறுப்பேற்க ஆள் தேவை. பட்டம் வேண்டியதில்லை, பத்தாம் வகுப்புப் படித்திருந்தால் போதும், நாள் தவறாமல் வரவேண்டும். முதற்பணியாக, அவரவர் தெருவில் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தும் தம் பெயர்க்கு மேல் எழுதத் தெரியாத பிள்ளைகளின் பெயர், வயது, பள்ளி, கண்ணும் காதும் பார்க்கப்பட்டனவா என்ற விவரங்களைக் குறித்துவர வேண்டும். அதற்கான தாள்கள் செயலாளர் அவர்களிடம் உள்ளன. மணல் தட்டுகளைத் தச்சு வேலை அறிந்த நம் உறுப்பினர் ஒருவர் செய்து தருவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். விழா முடிந்ததும் மேடையின் இடப்பக்கத்தில் பெயர் கொடுக்கலாம்.